மூன்றாம் தட்டுப் பெட்டை

சிறுத்தைப் பல்லி சுவரில் ஏறாது, தங்கச்சி. பயப்படாமல் இருங்கள். ஊர்ப் பல்லியைப் போல ஒட்டுகிற பாதம் இதற்குக் கிடையாது, வெறும் நகம்தான். அதனால்தான் இந்த இழுப்பறை லாச்சிகள் எதற்கும் மூடி இல்லை. மேல்தட்டின் பலகையே கீழ் லாச்சிக்கு மூடி.

நீங்கள் ரொறன்ரோவிலிருந்து இலண்டன் வந்தது உங்கள் கணவரின் சாமான்களை எடுத்துக்கொண்டு போக. யோகராஜாவின் சூட்கேஸ் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது, எடுத்துத் தருகிறேன். நேற்றுத் தகனம் முடிந்ததும், "நெஞ்சு நோகுது எண்டு தெரிஞ்சும் மனுசன் ஏன் அண்ணை ஆஸ்பத்திரிக்குப் போகேல்லை?" என்று கேட்டீர்கள். சனம் நின்றதால் கையை விரித்துவிட்டேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் அனுப்புவது மரியாதையில்லை.

இந்த அடுக்கு நானே அடித்தது. ஒவ்வொரு தட்டின் பின்பக்கமும் சூட்டுக் கம்பி ஓடுகிறது. லாச்சியின் பின்பாதி வெக்கை, முன்பாதி குளிர்ச்சி. விரும்பிய பக்கம் போய்ப் படுக்கும். நடுவில் ஈரப் பாசி போட்ட டப்பா, முட்டை இட. லாச்சிக்கு ஒரு பெட்டை. ஆண் பல்லியைச் சில நாள் விட்டு எடுப்பேன். முட்டைகளுக்கு வேறு பெட்டி. அதில் சூட்டைக் குறைத்து வைத்தால் பிறப்பது பெரும்பாலும் பெட்டை, கூட்டி வைத்தால் ஆண். எது வேண்டும் என்று நான்தான் முடிவெடுப்பேன். ஒரு சிறு திருகாணி, அவ்வளவுதான்.

யோகராஜா வருவதற்கு முதல் வருடம் சூட்டைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட் இறுகிப்போனது. நான் பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட். வீட்டில் ஆளில்லை. மேல்தட்டுப் பெட்டைகள் அத்தனையும் லாச்சிக்குள்ளேயே அவிந்துபோயின. வாய்விட்டு அழுதேன், சொல்ல வெட்கமில்லை. அன்றைக்கே தீர்மானித்தேன், இரவில் இந்த அறைப் பக்கம் ஓர் ஆள் இருக்கவேண்டும் என்று.

அப்படித்தான் தொண்ணூற்றிரண்டில் அவரை வாடகைக்கு வைத்தேன். பகலில் அவர் இல்ஃபோர்ட்டில் ஒரு கடையில் நின்றார். இரவில் அறையைப் பார்த்துக்கொள்வார். நல்ல கை அவருக்கு. புழுவைக் கல்சியம் தூளில் பிரட்டிப் போடுகிற பக்குவத்தை ஒரே நாளில் பழகினார். சூடு ஒரு பாகை ஏறினாலும் எழும்பிவிடுவார். அப்படி ஒருவர் ஈஸ்ட் ஹாம் முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டார்.

ஆனால் பல்லி சாத்திரம் என்றால் அவருக்கு உயிர். உங்களுக்குத் தெரியாததா? வெளிக்கிடும்போது பல்லி சொன்னால் பயணம் தடை. அதிலும் தெற்குச் சுவரில் சொன்னால் கேட்கவே வேண்டாம். இலண்டனில் சொல்லப் பல்லி இல்லையே என்று கவலைப்பட்ட மனிதர். என் அடுக்கோ தெற்குச் சுவரில்தான் நிற்கிறது, வடக்கில் யன்னல் குளிர் என்பதால். பக்கத்து வீட்டு இம்மாகுலேற் அக்கா அவரை நக்கலடிப்பா: "ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானைக்குள்ள விழுந்ததாம். நீர் லாச்சிக்குள்ள கிடக்கிறதிட்ட சாத்திரம் கேக்கிறீரோ?"

அவர் சிரிப்பார். ஆனாலும் எங்கே போவதென்றாலும் இந்த அறை வாசலில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் போவார்.

தொண்ணூற்றுநான்கில் ஏஜென்சிக்காரன் அவரை உங்களிடம் அனுப்ப ஒழுங்கு செய்தான். பாக் தோளில், சப்பாத்துக் காலில், வாசலில் வந்து நின்றார். நான் குனிந்து சாப்பாடு வைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் தட்டில் ஒரு கிழட்டுப் பெட்டை, வாலடியில் விரல் பட்டால் டிக் டிக் என்று கத்தும். பட்டுவிட்டது. கத்திற்று. அவர் திரும்பிப் போய் இருந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்து, மறுபடி எழும்பி வந்தார். தடை கழிய அப்படிச் செய்வதுதானே வழக்கம். மறுபடியும் கத்திற்று. பாக்கை இறக்கிவிட்டார்.

முதல் தரம் தற்செயல். இரண்டாம் தரம் தற்செயல் என்று நான் சொல்லமாட்டேன்.

பிறகு உங்கள் ஸ்பொன்சர் சரிவந்து அவரை விசா நேர்முகத்துக்குக் கூப்பிட்ட அன்றும் அப்படித்தான். நீங்கள் போனில் அழுததும், "காலம் சரியில்லை, கொஞ்சம் பொறும்" என்று அவர் தேற்றியதும் எனக்குக் கேட்டது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் முட்டைக்காலம், தங்கச்சி. அந்த நேரம் புது ஆளை வைத்துப் பழக்க ஏலாது.

போன செவ்வாய் பின்னேரம் அவர் முகம் வெளிறிப்போய் வந்தார். சட்டை நனைந்திருந்தது.

"நெஞ்சுக்க ஏதோ ஏறி இருந்த மாதிரிக் கிடக்குதண்ணை. இடக்கையும் உளையுது. மினிகாப் காருக்குப் போன் அடிச்சிட்டன்."

"ஓம் தம்பி, போய்க் காட்டிக்கொண்டு வாரும்" என்றேன். நானா போகவேண்டாம் என்றேன்? ஆனால் ஆஸ்பத்திரியில் அன்றிரவு அவரை மறித்து வைத்துவிடுவார்கள் என்பது தெரிந்த விஷயம். எனக்கு இன்னும் அரைமணி நேரத்தில் ஷிப்ட். முட்டைப் பெட்டி இரண்டு நாளாகச் சூடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். என் கை மூன்றாம் தட்டில் இருந்தது. கத்திற்று. கீழே மினிகாப்காரன் ஹோர்ன் அடித்தான். அவர் சுவரைப் பிடித்துப் பிடித்துக் குசினிக்குப் போய்த் தண்ணீர் குடித்தார். கதிரையில் இருந்து எழும்பி, மறுபடி வந்து நின்றார். என்னைத்தான் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு விளங்கியது. பல்லி சொல்லக்கூடாது என்று மன்றாடுகிற பார்வை. நான் விரலை வைத்தேன்.

"சரி அண்ணை. விடியப் போறன்" என்று கோட்டைக் கழற்றினார். மினிகாப்காரனை நானே அனுப்பிவிட்டு வேலைக்குப் போனேன்.

காலையில் வந்தபோது, நீங்கள் இப்போது இருக்கிற அந்தக் கதிரையில்தான் இருந்தார். கை குளிர்ந்திருந்தது. பெட்டியின் சூடு சரியாக நின்றது. கடைசிவரை பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். முட்டை ஒன்றுகூடப் பழுதில்லை.

எழும்பாதீர்கள், சிவமலர். முழுதையும் கேளுங்கள். நான் அவரைக் கையால் தொட்டதில்லை, கதவைப் பூட்டியதில்லை, ஒரு வார்த்தை மறித்துச் சொன்னதில்லை. சாத்திரத்தை நம்பாத எனக்கே இந்த ஒரு கிழமையாக ஒன்று விளங்குகிறது. செவ்வாய் அந்த இரண்டாம் தரம், என் விரல் படுவதற்கு முன்பே அது வாயைத் திறந்துவிட்டது. நான் தொடாமல் விட்டிருந்தாலும் அன்றைக்கு அது சொல்லித்தான் இருக்கும்.