தாடையோரத்தில் மூன்று கோடுகள்

— ஜெயமணிக்கா, பார்லர் வெச்சிகீற நீங்களே சொல்லுங்க. பூசும்போது பளிச்சுனு கீது. வூட்டுக்குப் போயி கண்ணாடி பாத்தா சாம்பல் பூத்த பூசணிக்கா. இன்னாத்துக்கு இப்பிடி ஆவுது?

— இந்த ஃபவுண்டேசன எப்பிடிப் பாத்து வாங்கின, ரேவதி?

— காஞ்சிபுரத்துக் கடையில, கையில தடவித்தான். டியூப்லைட்டுல நல்லாத்தான் இருந்துச்சு.

— அங்கதான் தப்பு. கைக்கு ஒரு நெறம், மூஞ்சிக்கு ஒரு நெறம். டியூப்லைட்டு வேற ஏமாத்தும். இது உன்னவிட மூணு படி வெளுப்பு. வேர்வையில மேப்பூச்சு எளகும், அடியில கீற உன் நெறம் கசியும். ரெண்டும் கலந்தா சாம்பல்தான்.

— போன தபா பொண்ணு பாக்க வந்தவங்க, பொண்ணுக்கு எதுனா சீக்கான்னு கேட்டாங்க. நாளைக்கு ராஜகுளத்துலேர்ந்து வராங்க. இதுவும் பூட்ச்சின்னா கோபால் மாமனுக்கு ரெண்டாந்தாரம்தான்னு அப்பா சொல்லிட்டாரு.

— அழாத, வாசல் வெளிச்சத்துக்கு வா. ஏய் சின்னபொண்ணு, வெளிச்சத்த மறைக்காம படியவுட்டு எறங்கி நில்லு. தோ பாரு ரேவதி, உன் தாடையோரம் மூணு கலர்ல மூணு கோடு போடறேன். எது காணாமப் போவுதோ அதான் உன்னுது.

— சின்னபொண்ணு, எதுடி தெரியல?

— கடேசிக் கோடுக்கா. மூஞ்சியோட மூஞ்சியாப் பூட்ச்சு. அம்சமா கீறீங்கக்கா.

— அதான் சங்கதி. கழுத்தும் மூஞ்சியும் ஒண்ணாயிடும். திட்டு தெரியாது, சாம்பல் பூக்காது.

— அப்ப இருக்கற கருப்பாவேதான தெரிவேன்?

— தெரிவ. இருக்கறத ஒழுங்காக் காட்டறதுதான் இதோட வேல. வெளுக்க வைக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல, கண்ணு.

— எங்க தறியில வேற மாதிரிக்கா. பொடவ ஒடம்பு மங்கலா கீதுன்னா நூல மாத்த மாட்டோம். ஓரத்துல கருநீலமா பார்டர் ஓட்டுவோம். அதே நூலு தானா வெளுத்துக் காட்டும்.

— அது பொடவ. ஆளுக்கு எங்க போயி பார்டர் ஓட்டுவ?

— சின்னபொண்ணு, எங்க வூட்டுல எத்தினி வருசமா பாத்திரம் தேய்க்கற?

— ஏழு வருசம்க்கா.

— கூடத்துல கால் வெச்சிகீறியா?

— கொல்லையத் தாண்டி எங்கக்கா வுட்டாங்க.

— நாளைக்கு வா. என் பட்டுப்பொடவ தரேன், பூ வெச்சிக்கினு எம்பக்கத்துலயே குந்து.

— நெசமாவாக்கா? உங்க பக்கத்துலயா? சொன்னா எங்கம்மா நம்பாது. நானும் கொஞ்சம் பவுடரு பூசிக்கட்டா?

— வாணாம். நீ இதே கருப்புல குந்துனாதான் நான் வெளுப்பாத் தெரிவேன்.