பெரியவர்கள் மூன்று பேர் மட்டும்

மாமனார்: இது சமையலறையா, இல்ல சுவத்துல விழுந்த விரிசலா?

புரோக்கர்: சமையலறைதான் சார். கொஞ்சம் கச்சிதமா...

மாமனார்: கச்சிதமா! நான் மூச்சை இழுத்தா சுவரும் சேர்ந்து உள்ள வருது. கரண்டியைத் திருப்பணும்னா தெருவுக்குப் போய்த் திருப்பிட்டு வரணும்.

மருமகள்: மெதுவா மாமா...

மாமனார்: மெதுவா பேசினா வாடகை இறங்கிடுமாம்மா? முப்பத்தெட்டு வருஷம் ரயில்ல கார்டா இருந்தவன் நான். என் கடைசிப் பெட்டி இதைவிடப் பெரிசு. அதுல நின்னதுக்கு எனக்குச் சம்பளம் குடுத்தாங்க!

புரோக்கர்: ஊருக்கு நட்ட நடுவுல இருக்கு சார். பால்கனியில நின்னா எதிர்ல ஆஸ்பத்திரி.

மாமனார்: அது பால்கனியா? ஒரு காலை வைக்கலாம். இன்னொரு கால் பக்கத்து வீட்டுக்காரன் கணக்கா?

புரோக்கர்: காலையில மட்டும் பதினொரு பேர் பார்த்துட்டுப் போனாங்க சார்.

மாமனார்: பதினொரு பேரா? அப்ப வீட்டைக் கழட்டி வெளிய வெச்சுத்தான் காட்டியிருப்பீங்க.

புரோக்கர்: நீங்க எத்தனை பேரும்மா?

மருமகள்: மூணு பேர்ங்க. நான், என் வீட்டுக்காரர், மாமா.

புரோக்கர்: கைக்குழந்தை...?

மாமனார்: சேச்சே! அந்தப் பேச்சே இல்ல.

புரோக்கர்: ஓனர் மாடியிலதான் இருக்காரு. குழந்தைச் சத்தம் அவருக்கு ஆகவே ஆகாது. அதான்...

மருமகள்: இல்ல... இல்லைங்க.

புரோக்கர்: சரிம்மா. வாடகையில ஏதாவது குறைப்பாரான்னு மேல போய்க் கேட்டுட்டு வரேன்.

மருமகள்: ...போயிட்டாரா?

மாமனார்: படி ஏறிட்டான். நல்லவேளை, நான் சொன்ன 'சேச்சே' என் பேத்தி காதுல விழல. விழுந்திருந்தா முளைச்ச ரெண்டு பல்லாலயே என் மூக்கைப் பிடுங்கியிருப்பா.

மருமகள்: பாவம், உங்க பையன் கீழ அவளைத் தூக்கிக்கிட்டு வெயில்ல நிக்கிறாரு. பொய் சொல்லித்தான் வரணுமா மாமா?

மாமனார்: திங்கட்கிழமை நீ வேலைக்குப் போகணும். இப்ப இருக்குற வீட்டுலேர்ந்து போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம்.

மருமகள்: இங்கன்னா மதியம் ஓடி வந்து பால் குடுத்துட்டுப் போயிடுவேன். இது கிடைக்கலேன்னா... வேலையை விட்டுட வேண்டியதுதான்.

மாமனார்: ஏன் விடணும்? இந்த ஊருக்கு நர்ஸ் வேணும், நர்ஸோட பிள்ளை வேணாமா? நர்ஸுங்கல்லாம் சாயங்காலம் ஆவியாப் போய்ட்டு, காலையில வார்டுல தானா முளைக்கணுமா?

மருமகள்: ஷ்... வராரு.

மாமனார்: வாங்க! என்ன சொல்றாரு மாடி மகாராஜா?

புரோக்கர்: ஒரு பைசா குறைக்க மாட்டாராம் சார்.

மாமனார்: தெரியுமே! காத்துக்கு ஒரு ரசீது, வெயிலுக்கு ஒரு ரசீது போடாம விட்டாரே! என் பென்ஷன் மொத்தமும் அவருக்கு, என் பையன் சம்பளத்துல பாதியும் அவருக்கு. நாங்க குடி வரோமா, அவரைத் தத்து எடுக்கறோமா?

மருமகள்: நாங்க எடுத்துக்கறோங்க.

மாமனார்: அம்மாடி...

மருமகள்: எடுத்துக்கறோம் மாமா.

மாமனார்: ...சரி. ஆனா திட்டிக்கிட்டேதான் எடுத்துக்குவேன். அந்த உரிமையை வாடகையில சேர்த்துக்கச் சொல்லுங்க.

புரோக்கர்: தாராளமா திட்டுங்க சார். அந்த உள் ரூம் ஜன்னலை மட்டும் சாத்தியே வைங்க. தொட்டிலை பாத்ரூம் சுவரை ஒட்டிப் போட்டா, அழுதாலும் மாடிக்குக் கேக்காது.

மாமனார்: தொட்டிலா? எந்தத் தொட்டில்?

புரோக்கர்: அம்மா தோள்ல பால் கக்கின ஈரம் இன்னும் காயல சார்.

மருமகள்: ஐயோ... ஓனர்கிட்ட சொல்லிட்டீங்களா?

புரோக்கர்: நான் ஏம்மா சொல்றேன்? இப்ப இங்க குடியிருக்கிறதே நான்தான். எங்க பையனை எட்டு மாசம் அந்த ரூம்லதான் மறைச்சு வெச்சிருந்தோம். இந்த மாசத்தோட காலி பண்ணச் சொல்லிட்டாரு.

மாமனார்: ஊருக்கே வீடு காட்டுற உமக்கேவா! அழுகைதான் கேக்காதுங்கறீங்களே, அப்புறம் எப்படிய்யா மாட்டினீங்க?

புரோக்கர்: ஒன்பதாவது மாசம்... மாடியே அதிர கெக்கெக்கேன்னு சிரிக்கக் கத்துக்கிட்டான் சார்.