அடித்த இடமெல்லாம் கையெழுத்து

பாடம் நடத்த நான் தினமும் போகும் சிராங்கூன் சாலை டிராமில், முன் இருக்கையில் இரண்டு ஆபீஸ் குமாஸ்தாக்கள்.

“பட்டப் பரீட்சையில, கால்குலஸ் தாளில அடிச்சுத் திருத்தின இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுட்டேன் மச்சான்.”

“பேர் தெரியக்கூடாதுன்னுதானேடா நம்பர் கொடுக்கிறாங்க!”

“பத்து வருஷ ஆபீஸ் பழக்கம். கை தானாப் போட்டுருச்சு. தாளு மார்க் போடச் சீமைக்குக் கப்பலேறின பிறகுதான் உறைச்சுது. தள்ளிடுவாங்கன்னு ஆறு மாசமாப் பயந்து செத்தேன்.”

“அப்ப பட்டம் போச்சா?”

“பாஸ்டா! நேத்து கடுதாசி வந்துருச்சு.”

“அடப்பாவி! வீட்டுல என்ன சொன்னாங்க?”

“‘இனிமேலாவது புத்தகத்தை மூடிட்டு, சோறு ஆறுறதுக்குள்ள சாப்பிட வருவீங்களா’ன்னு கேட்டா.”

“நீ என்ன சொன்னே?”

“சோறு சூடா இருக்கறப்பவே மூணு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.”