வேதகிரி போகிற வழி

— யாருடா பாடை கட்டச் சொன்னது? மொதல்ல அந்த மூங்கில கீழ போடச் சொல்லு.

— நாந்தாம்மா சொன்னேன். மணி ரெண்டாவுது. நாலு மணிக்கெல்லாம் எடுத்தாத்தான் இருட்டறதுக்குள்ள பொதச்சிட்டு வர முடியும். நேத்து சாயங்காலம் செத்தவர இன்னும் எவ்ளோ நேரம் ஐஸ் பொட்டியில வெச்சிக்கினு இருக்கறது?

— கீட்டுமே. உங்க நைனாவுக்கு குளுரு புதுசா? பனிமலையில வருசக்கணக்கா நின்ன மனுசன்.

— எம்மா, வெளயாடாத.

— உன் தங்கச்சி கீதா வந்துடட்டும்டா. பெத்த பொண்ணு மொகம் பாக்க வாணாமா?

— கீதா காலையிலயே பெருநகர்லேர்ந்து மொத பஸ்ஸுல வந்துட்டா. உள்ள உன் பக்கத்துலதான் இவ்ளோ நேரம் அழுதுக்கினு இருந்தா. இன்னாம்மா ஆச்சி உனக்கு?

— ஒண்ணும் ஆவல. அவசரப்படாதன்னு சொல்றேன். மய வேற வராப்புல கீது.

— அதனாலதான் சீக்கிரம்ன்றேன். சங்கத்துக்காரங்க மலர்வளையம் வாங்கிக்கினு உத்திரமேரூர்லேர்ந்து கெளம்பிட்டாங்களாம். எல்லாம் நைனாவோட பட்டாளத்துல இருந்தவங்க. வந்து நின்னு சல்யூட் அடிப்பாங்க. அப்பறம் மேளம். அப்பறம் நேரா ஊருத்தெரு வழியா எடுத்துக்கினு போறோம்.

— இன்னா சொன்ன?

— காதுல விழுந்திச்சி இல்ல. ஊருத்தெரு வழியா.

— கலை. இந்தக் காலனியிலேர்ந்து ஒரு பொணமாச்சும் அந்தத் தெருவுல போயி நீ பாத்துக்கீறியா? நான் பாத்துக்கீறனா?

— அதான் கேக்கறேன். ஏன் போவல? உசிரோட நடந்து போனா இப்ப எவனும் ஒண்ணும் சொல்றது இல்ல. கேஸ் வண்டி போவுது, ரேஷன் லாரி போவுது. நாம செத்தா மட்டும் அந்தத் தெரு ஆவாது.

— நமக்குத்தான் வயக்காட்டு வழி கீதில்ல.

— இன்னா வழி? இந்த மழையில போயி பாத்தியா அத? ஏரி ரொம்பி கலங்கல் வழியுது. வரப்பு எது வாய்க்கா எதுன்னு தெரியல. இடுப்பு வரைக்கும் தண்ணி.

— மெதுவா போலாம்.

— தாத்தாவயும் மெதுவாத்தான எடுத்துக்கினு போனோம்?

— அத இப்ப பேசாத.

— பேசுவேன். எனக்கு எட்டு வயசு. நைனா லீவுல வந்திருந்தாரு. இதே ஐப்பசி, இதே தண்ணி. பாடை வழுக்கி தாத்தா உள்ள விழுந்துட்டாரு. கயித்த புடி, கட்டய புடின்னு ஆளாளுக்கு கத்தறாங்க. நைனா எறங்கி காலால தொழாவறாரு. பெத்த அப்பன, சேத்துக்குள்ள, காலால தேடறாரும்மா. கெடச்சதும் தோள்ல போட்டுக்கினு ஒத்த ஆளா நடந்தாரு.

— எனக்குத் தெரியாதாடா? அந்த வேட்டிய தொவச்சவ நானு.

— எழுவத்தொண்ணு சண்டையில அடிபட்டவன இப்பிடித்தான் தோள்ல போட்டுத் தூக்கியாந்தாருன்னு சங்கத்துல சொல்லுவாங்க. அங்க மெடல் குடுத்தாங்க. இங்க இன்னா குடுத்தாங்க? அன்னிக்கே அவராண்ட கேட்டேன். நைனா, நீ மிலிட்டரிதான, ஏன் தாத்தாவ ஊருத்தெருவுல தூக்கிக்கினு போவலன்னு.

— இன்னா சொன்னாரு?

— என் சட்டைய அவுத்து அதாலயே தலைய தொடச்சி உட்டாரு. ஈரத்துல நிக்காத, ஜுரம் வந்துடும்னாரு. அவ்ளோதான் பதிலு.

— அவரு அப்பிடித்தான்.

— அதுதாம்மா எனக்கு ஆத்திரம். எல்லையில பயப்படாத ஆளு இந்த ஒரு தெருவுக்கு பயந்தாரு. ரிட்டயர்டு ஆயி வந்து பேங்குல செக்யூரிட்டி வேலைக்குப் போனப்பவும் அதே கததான். ஊருத்தெரு வழியா போனா பஸ் ரோடு இந்தா கீது. அத உட்டுட்டு ஏரிக்கரைய சுத்திக்கினு சைக்கிள் மிதிப்பாரு. துப்பாக்கி புடிச்சிக்கினு வாசல்ல நிக்கற ஆளு!

— பயமாடா அது? கேளு சொல்றேன். வேலைக்கு சேந்த புதுசு. ஊருத்தெருவுல ஒருத்தன் சைக்கிள் ஹேண்டில புடிச்சிக்கினு, எறங்கி தள்ளிக்கினு போடான்னான். அப்பல்லாம் அப்பிடித்தான கேப்பானுங்க. இவரு எறங்கல. அவன் கைய எடுத்து உட்டுட்டு மிதிச்சிக்கினு வந்துட்டாரு.

— இது எனக்குத் தெரியாது.

— உனக்கு எங்க சொல்லுவாரு? என்னாண்ட சொன்னாரு. ஆண்டாளு, நாளைக்கும் கேப்பான், நான் எறங்கமாட்டேன், அடிதடி ஆவும், கேசு ஆவும், வேல போவும். அப்பறம் புள்ளைங்களுக்கு யாரு சோறு போடறதுன்னாரு. மறுநாள்லேர்ந்து ஏரிக்கர. கடைசி வரைக்கும் சைக்கிள உட்டு எறங்கினதும் இல்ல, எவனயும் அடிச்சதும் இல்ல. நீ ஐடிஐ படிச்சதும் உன் தங்கச்சி டீச்சர் ஆனதும் அப்பிடித்தாண்டா.

— எல்லாம் எங்களுக்காகன்னு சொல்லாதம்மா. கேக்கறதுக்கே பாரமா கீது.

— கீட்டும். அந்த ஸ்வெட்டரயே தாங்கினவன் நீ.

— எந்த ஸ்வெட்டரு?

— மறந்துட்டியா? பனியில டியூட்டி இல்லாதப்ப மத்தவனுங்க சீட்டாடுவானுங்களாம். இவரு ஒரு மூலையில குந்திக்கினு, ஊசி வெச்சி புள்ளைங்களுக்கு ஸ்வெட்டரு பின்னுவாராம். எடுத்துக்கினு லீவுல வந்து எறங்கினது பங்குனி மாசம்.

— ஐயோ! பச்ச கலரு. ஒரு கை நீட்டு, ஒரு கை குட்ட. அந்த வெயில்ல அத மாட்டிக்கினு ஸ்கூலுக்குப் போனேன். வாத்தியாரு என் நெத்தியத் தொட்டுப் பாத்து, வூட்டுக்குப் போயி படுடான்னாரு.

— ஏண்டா போட்டுக்கினு போன? கயட்டி பையில வெச்சிக்கிறதுதான?

— நைனா வாசல்ல நின்னு பாத்துக்கினே இருந்தாரும்மா. நான் தெருமுன திரும்பற வரைக்கும்.

— எனக்கு மஞ்சக்காமால வந்துதே, அப்ப எம்பொடவைய அவருதான் வாய்க்கால்ல தொவச்சிப் போட்டாரு. மிலிட்டரி பொடவ தொவைக்குது பாருன்னு காலனியே சிரிச்சிது. சிரிக்கறவன் சிரிக்கட்டும், நீ கஞ்சிய குடின்னாரு. கீதாவுக்கு ரெட்ட சட பின்னி உடுவாரு, பூட்ஸு கயிறு இயுத்துக் கட்டறாப்புல. தல நோவுதுன்னு அவ அயுவா. எந்தப் பொண்டாட்டிக்குடா அப்பிடி ஒருத்தன் கெடைப்பான்?

— எம்மா. பேசிக்கினே நீ ஏன் வாசலயே பாக்கற? போன வேற இடுப்புல சொருவி வெச்சிக்கினு, அப்பப்ப தொட்டுத் தொட்டுப் பாத்துக்கினு.

— சங்கத்துக்காரங்க வராங்களான்னு பாத்தேன்.

— அவங்க நம்பரு எங்கிட்டதான கீது? நீ ஒண்ணும் கவலப்படாத. ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டேன், போலீசு வரும். என் கூட்டாளி டேனியல் வரான். எங்க கம்பெனியில ஷிப்ட் முடிச்ச பசங்க மொத்தமும் ஒரகடத்துலேர்ந்து வண்டியில வராங்க. எவன் தடுக்கறான்னு பாத்துடலாம்.

— தடுத்தா?

— தடுக்கட்டும்.

— இன்னிக்கி உன் கம்பெனி பசங்க இருப்பானுங்க. போலீசு இருக்கும். நாளைக்கு? உம்பொண்ணு நிஷா காலேஜு பஸ்ஸுக்கு அந்தத் தெருவுலதான நடந்து போவுது? ஒத்தையா?

— நீயும் நைனா மாதிரியே பேசற.

— அவராண்டதான அம்பது வருசமா பொயச்சேன். வேற எப்பிடிப் பேசுவேன்?

— அப்பிடியே பாத்துக்கினு இருந்தா நாளைக்கு என் பொணமும் தண்ணியிலதான் போவும். நிஷாவுக்கு ஒரு புள்ள பொறந்து, அதுவும் கரையில நின்னு பாக்கும். இல்லம்மா. வாழ்க்க முழுக்க சுத்திக்கினே போன மனுசன். ஒரு தபாவாச்சும் நேரா போவட்டும். டேய் கன்னியப்பா! நீ கட்டுடா பாடைய!

— கன்னியப்பா, கைய எடு! தொடாத! கலை, இங்க வா. வந்து குந்து. குந்துன்றேன்ல. உங்க நைனாவ பொதைக்கப் போறது இல்ல.

— எரிக்கச் சொல்றியா? நம்ம வழக்கம் இல்லியே.

— எரிக்கறதும் இல்ல. அவரு ஒடம்ப மெடிக்கல் காலேஜுக்கு குடுத்துட்டாரு.

— இன்னா?

— டாக்டருக்குப் படிக்கற புள்ளைங்களுக்கு. பேங்கு வேலைய உட்டு நின்னாரே, அப்பவே போயி எயுதிக் குடுத்துட்டு வந்துட்டாரு. சாட்சிக்கு நானும் கையெயுத்து போட்டேன். காலையில நாந்தான் போன் பண்ணேன். வண்டி வந்துக்கினு கீது.

— எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேம்மா!

— சொன்னா நீ உடுவியா? புள்ளைக்கு தெரிய வாணாம்னு கையில அடிச்சி சத்தியம் வாங்கிக்கினாரு.

— எதுக்கு? கண்டவனும் கத்தி வெச்சி அறுக்கறதுக்கு குடுக்கற அளவுக்கு நாங்க அவருக்கு இன்னா கொற வெச்சோம்?

— கொற இல்லடா பைத்தியமே. எல்லாம் உனக்காகத்தான். உன் தாத்தாவ பொதச்சிட்டு வந்த அன்னிக்கு, கட்டின வேட்டிகூட மாத்தாம குந்திக்கினு சொன்னாரு. நாளைக்கு நான் செத்தா எம்புள்ள ஒண்ணு இந்தத் தண்ணியில எறங்கணும், இல்ல அந்தத் தெருவுல ஒதை வாங்கணும், ரெண்டும் நடக்கக் கூடாதுன்னாரு. அது அவரு மனசுலயே கெடந்துது. காலேஜு வண்டி வந்தா ஊருத்தெரு வழியாத்தான வரும், அத எவன் நிறுத்துவான், நான் பாட்டுக்கு படுத்துக்கினே நேரா போயிடறேன், யாருக்கும் தொல்ல இல்லன்னு சொல்லி சிரிச்சாரு.

— சிரிச்சாரா?

— சிரிச்சாருடா.

— வருசத்துக்கு ஒரு நாள் போயி கல்பூரம் ஏத்தறதுக்கு ஒரு மண்ணுமேடுகூட இல்லாம பண்ணிட்டாரேம்மா. நான் எங்க போயி நிப்பேன்?

— எனக்கு மட்டும் ஆச இல்லியா? அவரு பக்கத்துலயே எனக்கும் ஒரு குயி தோண்டுவீங்கன்னு நெனச்சிக்கினு இருந்தவதான் நானு. அதயும் உட்டுட்டுத்தான் கையெயுத்து போட்டேன். அயுவாதடா. நீ அயுதா என்னால தாங்க முடியாது. உனக்கு ஒரு அடி படக் கூடாதுன்னுதான அந்த மனுசன் இவ்ளோ பண்ணாரு.

— எம்மா, உன் போன் அடிக்குது.

— வண்டிக்காரனாத்தான் இருக்கும். நீ பேசு. ஸ்பீக்கர்ல போடு, நானும் கேக்கறேன்.

— ஹலோ, மெடிக்கல் காலேஜ் வண்டி டிரைவர் பேசறேன். வேதகிரி ஐயா வீடுதானே?

— ஆமா சார். நான் அவரு பையன். வழி தெரியுதா?

— வழியெல்லாம் தெரிஞ்சுது சார். உங்க ஊருக்குள்ள வந்துட்டேன், பிள்ளையார் கோயில் பக்கத்துல நிக்கிறேன். இங்க நாலஞ்சு பேர் வண்டிய மறிச்சுட்டாங்க. யார் வீட்டுக்குன்னு கேட்டாங்க, சொன்னேன். அவங்க பொணம் இந்தத் தெருவுல வரக் கூடாது, வண்டியிலயே வந்தாலும் கூடாதுன்னு சொல்றாங்க.

— காலேஜ் வண்டின்னு சொல்லுங்க சார்.

— சொன்னேன் சார். எந்த வண்டியா இருந்தா என்ன, உள்ள யார் படுத்திருக்கப் போறாங்கன்னு கேக்கறாங்க. அந்த ஐயா மிலிட்டரிக்காரராமே, அதையும் சொல்லிப் பாத்தேன். எல்லாம் அவங்களுக்குத் தெரியுமாம். எனக்கு எதுக்கு சார் வம்பு? ஏரிக்கரை மேல ஒரு பாதை சுத்திக்கிட்டு வருதாமே, அப்படித் திருப்பிக்கிட்டு வந்துடவா? இந்த ஈரத்துல டயர் இறங்காம இருக்குமா?

— கொஞ்சம் லைன்லயே இருங்க சார். எம்மா... கேட்டியா?

— கேட்டேன்.

— நான் ஒண்ணும் பண்ணமாட்டேம்மா. உன்மேல சத்தியமா, இன்னிக்கி நீ சொல்றதுதான். நைனா ஆசைப்பட்டபடி சத்தம் இல்லாம அனுப்பணும்னா, ஏரிக்கர வழியாவே வரச் சொல்லிடறேன். நிஷாவயும் நெனச்சிப் பாக்கணும் இல்ல. நீதான சொன்ன?

— நாந்தான் சொன்னேன்.

— அப்ப திருப்பிக்கினு வரச் சொல்லட்டுமா?

— போன என்னாண்ட குடு.

— எம்மா, அந்த ஆளாண்ட கத்தாத. டிரைவரு பாவம் இன்னா பண்ணுவாரு?

— குடுடான்றேன். எப்பா டிரைவரு, நான் அவரு பொஞ்சாதி பேசறேன். சாப்ட்டியாப்பா?

— ஆச்சும்மா. சொல்லுங்கம்மா, ஏரிக்கரைக்குத் திருப்பிடவா?

— திருப்பாத. வண்டிய ஆஃப் பண்ணிட்டு அங்கயே நில்லு. அவர தோள்ல தூக்கிக்கினு அந்தத் தெரு வழியாத்தான் நாங்க வரோம், வேதகிரி பொஞ்சாதி முன்னால வராளாம்னு அவனுங்களாண்ட சொல்லு.