மூன்று ஜனாதிபதிகளும் ஒரு கதவும்

– உன் கட்டுரையில ரெண்டாவது ஜனாதிபதி சொன்னதை இன்னொரு தடவை படி, வாத்தியாரம்மா. அப்ப இருமிக்கிட்டு இருந்தேன், காதுல விழல.

– உனக்கு மூச்சு வாங்குதுண்ணா. பேசாம படு.

– படுத்துப் படுத்து முதுகு பலகையாயிடுச்சு. கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடந்து தரைதான் தேயுது. கதவுக்கு அந்தப் பக்கம் சும்மாதானே உக்காந்திருக்கே, படியேன்.

– "பசியோடு படுக்கப் போகாதவனே சுதந்திர மனிதன்." உலகம் பூரா வங்கிங்க மூடினப்ப பேசினது.

– அவருக்கு முந்தினவர்?

– அவர் முதல் உலகப்போர் சமயம். "நம் கதவை அந்நியன் உடைக்காதிருப்பதே சுதந்திரம்."

– நம்ம ஆளு?

– இந்த நோய் நாடு நாடாப் பரவினப்ப டிவியில பேசினார். "காவலே இல்லாதபோதும் கதவுக்கு உள்ளே இருப்பதுதான் சுதந்திரம்."

– அவருக்கென்ன, வீட்டுத் தோட்டமே நாலு தெரு நீளம். என்னை மாதிரி ஆம்புலன்ஸ் ஓட்டி நோயை வாங்கிட்டு வந்து இந்தப் பத்தடி ரூமுல கிடக்கச் சொல்லு, அப்பத் தெரியும்.

– நானும் அப்படித்தான் எழுதியிருக்கேன். மத்த ரெண்டு பேரும் ஜனங்களுக்கு ஏதோ தர்றேன்னாவது சொன்னாங்க. இவர் அடைச்சு வைக்கிறதுக்கு அழகா ஒரு பேர் வச்சிருக்கார், அவ்வளவுதான்னு. நாளைக்குக் கட்டுரையைக் காலேஜுக்கு அனுப்பணும். கடைசிப் பாரா மட்டும் வரமாட்டேங்குது.

– அங்க என்ன, எதையோ இழுக்கற சத்தம்?

– உன் பொண்ணுதான். நாற்காலியைத் தள்ளிக்கிட்டு நிக்கறா. அண்ணா, கையை விட்டுட்டா. ஒரு எட்டு வச்சுட்டா.

– கதவைத் திறம்மா.

– கெஞ்சினாலும் திறக்காதேன்னு வெளித் தாழ்ப்பாளைப் போடச் சொன்னது யாரு?

– நான்தான். இப்ப வேற சொல்றேன். முகமூடி போட்டுக்கறேன். வாசப்படியைத் தாண்டமாட்டேன்.

– நெஞ்சுச் சளி வந்து இப்பத்தான் பிழைச்சிருக்காண்ணா அவ.

– ஒரே ஒரு நிமிஷம். முதல் தடவையா நடக்கறா.

– தினமும் நீ கேக்கறே, தினமும் நான் மாட்டேங்கறேன். ஜெயில் காவக்காரி மாதிரி இருக்கு எனக்கு. சோறு இறங்கல. சாமி கும்பிட உக்காந்தாகூட உன் குரல்தான் கேக்குது. சரி, விடு. அண்ணி, பாப்பாவைத் தூக்கிட்டு அந்தக் கோடி ஜன்னல்கிட்ட போய் நில்லுங்க. அண்ணா, நீ அங்கிருந்தே பாக்கணும், கிட்ட வரக்கூடாது. இரு, தாழ்ப்பாளை எடுக்கறேன். அய்யோ, அண்ணா.

– என்ன?

– தாழ்ப்பாள் ஓட்டைக்குள்ள போகவே இல்லை. வெளியிலயே முட்டிக்கிட்டு நிக்குது. கதவு சும்மா சாத்தித்தான் இருந்திருக்கு, இத்தனை நாளும்.

– தெரியும். நீ போட்ட அன்னிக்கே இழுத்துப் பார்த்தேன்.

– தெரிஞ்சுமா என்கிட்டக் கெஞ்சிக்கிட்டு இருந்தே?

– நீ மாட்டேன்னு சொன்னா, இன்னும் கொஞ்ச நேரம் வெளிய வராம உள்ளயே உக்கார முடிஞ்சுது.

– அண்ணா...

– இன்னிக்கு நீயும் சரின்னுட்டே. அவ நடக்கறதை நீ வாயால சொல்லு, போதும். கதவுலேருந்து கையை எடும்மா, உள்தாழ்ப்பாளை நான் போட்டுக்கறேன்.