ஓடக்காரியின் கயிறு

மன்ற நெறியாளர் அவர்களுக்கு,

கடிதம் வந்தால் பதில் போட்டுவிட்டுத்தான் நான் தேநீர் குடிப்பேன். இன்று அது ஆறி ஆடை கட்டிவிட்டது, பரவாயில்லை. 'பச்சைமிளகாய்', 'நங்கூரம்' என்ற இரண்டு கணக்குகளும் ஒரே வீட்டு இணைய இணைப்பிலிருந்து வருகின்றனவே, இரண்டும் ஒரே ஆளா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒருவருக்கு ஒரு கணக்குதான் என்ற விதியையும் நினைவூட்டியிருக்கிறீர்கள். நியாயமான கடிதம். எழுத்துப்பிழைகூட இல்லை.

பச்சைமிளகாய் நான். நங்கூரம் என் தம்பி. நான் சமையலறை மேசையில் உட்கார்ந்து தட்டுவேன். அவன் பன்னிரண்டடி தள்ளி, அடுத்த அறைக் கட்டிலில் சாய்ந்துகொண்டு இடது கையால் தட்டுவான். நான்கு ஆண்டுகள் உங்கள் மன்றத்தையே இரண்டாகக் கிழித்துத் தோரணம் கட்டிய அந்தச் சண்டை நடுவில் ஒரு கதவை வைத்துக்கொண்டு நடந்தது. எதிரே நிற்பவன் சொந்த அண்ணன் என்பது அவனுக்குக் கடைசிவரை தெரியாது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். முப்பத்தோரு ஆண்டுகள் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவன் நான். நான் வாயைத் திறந்தால் தாமதமான ரயில்கூட வெட்கப்பட்டு ஓடிவரும். மூன்றாம் நடைமேடைப் புறாக்கள் என் குரலைக் கேட்டுத்தான் முட்டையிட்டன என்று கூலிக்காரர்கள் சத்தியம் செய்வார்கள். கொஞ்சம் கூட்டிச் சொல்வது என் வழக்கம், மன்னிக்கவும். கீழே எழுதப்போவதில் எதையும் கூட்டவில்லை.

ஓய்வு பெற்றேன். மனைவி முன்பே போய்விட்டாள். குரலுக்கு வேலையில்லாமல் போயிற்று. கதவிடுக்கில் வந்து நிற்கும் பல்லியிடம்கூட வானிலை பேசிக்கொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில்தான் தம்பிக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தது. அவன் சர்வேயர். கல்யாணம் செய்துகொள்ளாதவன். வெயிலில் சங்கிலியை இழுத்துக்கொண்டு ஊர் ஊராக நடந்து எல்லைக்கல் நட்டவன். அவனை என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். என் குரலுக்கு மறுபடி வேலை கிடைத்தது. இதை மகிழ்ச்சியாகச் சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம், நடந்ததைச் சொல்கிறேன்.

பொழுது போகட்டும் என்று உங்கள் மன்றம் பேசும் அந்த வீடியோ விளையாட்டை வாங்கினேன். உங்கள் மேலிடத்தில் விளையாட்டே அறியாத யாராவது இதைப் படிக்கக்கூடும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 'வெள்ளப் பாதை'யில் நாயகன் ஓர் ஆற்றின் வழியே போவான். துணைக்கு இரண்டு பெண்கள். ஒருத்தி வைத்தியர். நாலாயிரம் வரி வசனம் பேசுவாள், அத்தனையும் முத்து. இன்னொருத்தி ஓடக்காரி. மொத்த விளையாட்டிலும் அவளுக்கு இருநூற்றுப் பன்னிரண்டே வரிகள். எந்த உரையாடலிலும் நமக்கு நான்கு விடைகள் வரும், நான்காவது எப்போதும் 'எதுவும் சொல்லாதிரு'. அதைத் தேர்ந்தெடுத்தால்தான் ஓடக்காரிக்கு நம்மேல் நெருக்கம் கூடும். ஆறாம் கட்டத்தில் மதகு உடையும்போது யாராவது ஒருத்தியைத்தான் கூட அழைத்துப் போகமுடியும். யாரைக் காதலிப்பது என்பதுதான் உங்கள் மன்றத்தின் நான்காண்டுப் போர்.

எங்கள் வீட்டில் வேலைப் பிரிவினை இருந்தது. சண்டைக் காட்சிகளுக்கு இரண்டு கையும் வேண்டும், அதனால் அவை என்னுடையவை. பேச்சு அவனுடையது. இடது கட்டைவிரலால் நிதானமாக விடை தேர்ந்தெடுப்பான். சேமிப்பதற்கு இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தவேண்டும், அதுவும் என் வேலை. "அண்ணா, சேவ் பண்ணிடுங்க" என்பான். செய்வேன். வாழ்நாளெல்லாம் பேசியே பிழைத்தவன் வாளைச் சுழற்ற, வாயே திறக்காதவன் காதல் பேசினான்.

பேசினான் என்பதும் தவறு. எப்போதும் நான்காவது விடைதான்.

"என்னடா இது, கல்லுப்பிள்ளையாரா நீ? அந்தப் பொண்ணு கேக்குது, ஏதாவது சொல்லேன்."

"சொல்லாம இருந்தாத்தான் அவளுக்குப் பிடிக்கும்ணா."

"சும்மா இருக்கிறவனைப் பிடிக்கும்னா அவ விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கலாம்."

அவன் சிரித்தான். பக்கவாதத்துக்குப் பிறகு பாதி வாய்தான் சிரிக்கும். அந்த விளக்குக் கம்பத்தை அன்றைக்கே உங்கள் மன்றத்தில் பதிவிட்டேன். வைத்தியர் கட்சி என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது.

எதிர்த்து வந்தவர் நங்கூரம். இரண்டே வரி: "விளக்குக் கம்பம் வெளிச்சம் தரும். பச்சைமிளகாய் என்ன தரும்?" நான் வாய்விட்டுச் சிரித்தேன். இவனல்லவோ எதிரி என்று அவருக்காகவே தினமும் வந்தேன். ஆறு மாதம் கழித்து நங்கூரம் ஓரிடத்தில் எழுதினார்: "எனக்கு ஒரு கைதான். சண்டையெல்லாம் வீட்டில் இன்னொருவர் போடுவார். பேச்சு மட்டும் என்னுடையது." சமையலறையில் இருந்தபடி எட்டிப் பார்த்தேன். கட்டிலில் தம்பி மடிக்கணினியைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தான்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னிடம் நாளைக்குப் பத்துச் சொல் பேசுகிறவன் பச்சைமிளகாயிடம் சரிக்குச் சரி வாதாடினான். கிண்டல் செய்தான், கோபப்பட்டான். ஒருமுறை எனக்குக் காய்ச்சல் என்று நான்கு நாள் வராமல் இருந்தபோது "எங்கே போனீர், மிளகாய் வாடிவிட்டதா?" என்று விசாரித்தான். அதே நான்கு நாளும் நான் அடுத்த அறையில் போர்வைக்குள் இருமிக்கொண்டுதான் இருந்தேன்.

மூன்று ஆண்டுகள் நன்றாகத்தான் போயிற்று. பிறகு நீங்களே ஒரு தலைப்பைத் தொடங்கினீர்கள்: 'உங்கள் துணையை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?' நங்கூரம் வழக்கத்துக்கு மாறாக ஐந்து வரி எழுதினார்.

"நான் படுக்கையில் இருப்பவன். என்னைப் பார்த்துக்கொள்பவர் மிக நல்லவர். நான் கண் விழிப்பதற்குள் பேச ஆரம்பித்துவிடுவார். அவர் பேசும்வரை நான் நோயாளியாகவே இருக்கவேண்டும். ஓடக்காரி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் நான் ஓர் ஆள்."

நானூற்றுப் பதினேழு பேர் அதற்கு விருப்பம் போட்டிருந்தார்கள். அதில் ஒன்று என்னுடையது. கை தவறிப் பட்டுவிட்டது.

பச்சைமிளகாயாகக் கேட்டேன்: "அந்த மனிதரிடம் நேரில் சொன்னீர்களா?"

"சொன்னால் அரை மணி நேரம் வருத்தம் தெரிவிப்பார்" என்று பதில் வந்தது.

மன்றமே சிரித்தது. நல்ல நகைச்சுவைதான், ஒத்துக்கொள்கிறேன். எழுந்துபோய் அவனுக்குத் தலையணையைச் சரிசெய்தேன். அன்று முழுக்க நான் பேசவே இல்லை. அவன் கவனித்ததாகத் தெரியவில்லை. சொல்லப்போனால் அன்று இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை, பயிற்சி கொடுக்க வரும் பிசியோ அம்மா அவனைக் கைத்தாங்கலாக வெளித்தாழ்வாரத்துக்கு நடத்திப் போனார். முக்கால் மணி நேரம் ஆகும். அந்த வாரம் பதினெட்டு அடி நடந்திருந்தான். இருபத்தைந்து அடி வந்ததும் வாசற்படி இறங்கலாம் என்று அவர் சொல்லியிருந்தார், அவனும் ஒரு சர்வேயருக்கே உரிய பேராசையோடு எண்ணிக்கொண்டிருந்தான். நான் கன்ட்ரோலரை எடுத்தேன்.

நான் முரடனல்ல. முதலில் அவனுடைய சேமிப்பை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்துக்கொண்டேன். பிறகு மதகுக் காட்சிக்குப் போனேன். ஓடம் வெள்ளத்தில் ஆடுகிறது. கயிறு நம் கையில். நான்கு விடைகள். மூன்றாவது: 'கயிற்றை வெட்டு'. அழுத்தினேன். இருநூற்றுப் பன்னிரண்டு வரிகளில் ஒன்றைக்கூட ஓடக்காரி அதற்காகச் செலவழிக்கவில்லை. பார்த்தாள், போனாள். சேமிப்புக்கென்று விளையாட்டில் இருந்த மூன்று இடங்களிலும், பழையது அழிய, அதையே சேமித்தேன். டிவியை அணைத்துவிட்டு அவனுக்குத் தண்ணீர் கொதிக்க வைத்தேன்.

பிற்பகலில் கூப்பிட்டான். "அண்ணா, ஓடம் காலியா இருக்கு."

"ஆமாடா. நேத்து சாயங்காலம் நீதானே வெட்டினே."

"நானா?"

"மாத்திரை போட்டுட்டு விளையாடாதேன்னு எத்தனை தடவை சொல்றேன். மூணாவது விடையை அழுத்தினே. சேவ் பண்ணுங்கன்னே. பண்ணினேன்."

தன் இடது கட்டைவிரலை நெடுநேரம் பார்த்தான்.

"எனக்கு ஞாபகமே இல்லைண்ணா."

"அதுக்கென்ன, போகுது விடு. வா, வைத்தியரோட போகலாம். நல்லா பேசுவா."

"நீங்க விளையாடுங்க. நான் பாக்கிறேன்."

அவன் என்னைச் சந்தேகப்படவே இல்லை. அதற்கு எங்கள் வேலைப் பிரிவினைதான் காரணம். விடை தேர்ந்தெடுப்பது எப்போதும் அவன் வேலை, ஆகவே தவறும் அவனுடையதாகத்தான் இருக்கவேண்டும். ஒரு நிலத்தை மூன்று முறை அளக்காமல் கையெழுத்துப் போடாத மனிதன் அவன். தன் அளவே தப்புகிறது என்று தெரிந்தபின் அவனுக்கு எதிலும் பிடிப்பில்லை. அன்று உங்கள் மன்றத்தில் எழுதியது நினைவிருக்கும்: "அவளை வெட்டியது நானே. நினைவில்லை. இனி என் கருத்தை யாரும் பொருட்படுத்தவேண்டாம்." எல்லோரும் ஆறுதல் சொன்னீர்கள். பச்சைமிளகாயின் ஆறுதல்தான் எல்லாவற்றிலும் நீளம், அதற்குத்தான் அதிக விருப்பங்கள்.

பிசியோ அம்மாவிடமும் சொல்லிவைத்தேன், "ஞாபகம் தப்புதும்மா" என்று. அவர் குறித்துக்கொண்டார். அடுத்த வாரம் அவன் நடக்க மாட்டேன் என்றான். "எங்க போறேன்னு எனக்கே தெரியாம இறங்கிப் போயிட்டா?" என்று கேட்டான். பதினெட்டு அடி பதினெட்டிலேயே நின்றது.

பென் டிரைவ் என் சட்டைப்பையில் இருந்தது. இது உங்களுக்கு முக்கியமாகப் படலாம். எந்த நாளிலும் ஐந்து நிமிடத்தில் அவளைத் திருப்பிக் கொண்டுவந்திருப்பேன். "அண்ணா, கொஞ்சம் பேசிட்டிருங்களேன்" என்று அவன் ஒருமுறை கேட்கட்டும் என்று காத்திருந்தேன். பெரிய விலை ஒன்றுமில்லை. அவன் கேட்கவில்லை.

படுத்தே கிடந்ததில் நெஞ்சில் சளி கட்டியது. பதினோரு நாள் மருத்துவமனை. சட்டை மாற்றும்போதெல்லாம் பென் டிரைவையும் மாற்றிக்கொண்டேன். அந்தப் பதினோரு நாளும் அவனிடம் பேசினேன், வாழ்க்கையில் நான் அவ்வளவு நன்றாகப் பேசியதில்லை. வரும் ரயில், போகும் ரயில், பெட்டி மாறி ஏறிய கல்யாண வீட்டார் என்று எல்லாக் கதையும் சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். சுவர் குளிர்ச்சியாக இருந்திருக்கும்.

ஒன்பதாம் நாள் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"அண்ணா, நான் வேற என்னவெல்லாம் வெட்டியிருப்பேன்?"

"ஒண்ணும் இல்லடா" என்றேன். அதில் பொய் இல்லை.

பதினோராம் நாள் அவன் போய்விட்டான். அது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான்கு ஆண்டுகள் நாங்கள் இரண்டு பேர். கடந்த ஐந்து மாதமாக ஒரே ஆள்தான். அவனுடைய மடிக்கணினி திறந்தபடியே கட்டிலில் கிடந்தது. ஒரு நாள் பச்சைமிளகாய் ஒரு கிண்டலை எழுதிவிட்டுப் பதிலுக்காக மாலைவரை உட்கார்ந்திருந்தான். யாரும் வரவில்லை. அடுத்த அறைக்குப் போய், கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இடது கையால் பதில் எழுதினேன். பிறகு சமையலறைக்கு வந்து அதற்குப் பதில் எழுதினேன். ஒரு நாளைக்கு நாற்பது தடவை நடக்கிறேன். மருத்துவர் என் முழங்காலைப் பாராட்டுகிறார். நங்கூரம் இப்போதெல்லாம் நீளநீளமாக எழுதுவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். கேட்க ஆள் இருந்தால் யாருக்கும் பேச்சு வரும்.

ஆக, விதியை மீறியிருக்கிறேன். ஓடக்காரியை வெட்டியது நான். வெட்டியது நீதான் என்று அவனை நம்பவைத்ததும் நான். அவள் என் சட்டைப்பைக்குள் இருக்கும்போதே அவனைப் போகவிட்டதும் நான். கயிறு அறுந்த பிறகு அவன் எங்கே ஒதுங்கினான் என்று ஒருநாளும் கேட்டதில்லை. பச்சைமிளகாயை நீக்கிவிடுங்கள், ஆட்சேபணை இல்லை.

நங்கூரத்தின் கணக்கிலிருந்து நேற்று வந்த பதிவை மட்டும் விட்டுவையுங்கள். ஓடக்காரி கட்சியிலிருந்து விலகுவதாகவும், ஒரு வீட்டில் அண்ணன் குரல் கேட்டுக்கொண்டே இருப்பதைப்போல ஆறுதல் உலகத்தில் வேறில்லை என்றும் அதில் இருக்கிறது. தட்டியது என் விரல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவன் மனதில் இருந்தது அதுதான். கூச்ச சுபாவக்காரன், வாய்விட்டுச் சொல்லமாட்டான், அதனால் நான் சொல்லவேண்டியதாயிற்று.