சிவந்த மஞ்சளும் சமாராக் கொடியும்

தேசிக்காயை இரண்டாகப் பிளந்து, கத்தியைத் தள்ளி வைத்துவிட்டு, வெண்பட்டின்மேல் குனிகிறார் ஒரு பெண்மணி. பட்டிலே ஒரு சிவப்புக் கறை. அறியாதவர் கண்டால் இரத்தம் என்பார்கள். அந்தப் பட்டு ஒரு போர்க்கொடியின் நடுப்பட்டை. அன்று பிற்பகலே அது தேவாலயத்தில் இருக்கவேண்டும். நாங்கள் சுற்றி நிற்கிறோம். அவர் பஞ்சை எடுக்கிறார்.

அவரே இன்றைய விழாவின் நாயகி.

ஊசிமுனையால் உயர்ந்த உத்தமியே! இலண்டன் நோர்பரியில் நூலோடு நூலாய் நெய்யப்பட்ட நுண்கையே! பட்டும் பருத்தியும் பணிந்த பண்பின் பெட்டகமே! எங்கள் தலைமைத் தையலரே, கனகாம்பிகை அக்காவே! கோயில் கொடிச்சீலை முதல் கிரிக்கெட் கழகப் பதாகை வரை உங்கள் கண்படாமல் எங்கள் கொடித் தையற்கூடத்தின் வாசலைத் தாண்டிய கொடி இல்லை. கறையோடு தாண்டிய கொடியும் இல்லை. ஓய்வு பெறும் உங்களுக்கு, உடன் உழைத்தவர்கள் உவந்தளிக்கும் மடல் இது.

புகழை அடுக்கினால், “காணும் பிள்ளையள், சோறு ஆறுது” என்பீர்கள். ஆகவே ஒரேயொரு காலையை மட்டும் சொல்கிறோம். இதை வாசிப்பவர் எங்கள் முதலாளி சண்முகராசா. முன்கூட்டிப் பார்க்காமல், இடையில் நிறுத்தாமல், கடைசி வரி வரை வாசிப்பதாக வாக்குத் தந்திருக்கிறார். சபையோர் சாட்சி.

இலண்டனில் வாழும் பல்காரியர்களின் சங்கமொன்று, தங்கள் பழைய போர்க்கொடிகளைப் பார்த்து அவைபோலவே தைத்துத் தரும்படி எங்களிடம் வந்தது. முதலில் ஒரு பச்சைப் பட்டுக் கொடி. துருக்கிய ஆட்சியை எதிர்த்து எழுந்தவர்களுக்காக ஓர் இளம் ஆசிரியை தைத்தது. நடுவிலே பொன்னிறச் சிங்கம், கூடவே ‘விடுதலை அல்லது சாவு’ என்ற வாசகம். சிங்கம் என்றதும், இலங்கையின் வாளேந்திய சிங்கக் கொடியைப் பார்த்து வளர்ந்த எங்கள் கைகள் ஏன் ஊசியைக் கீழே வைத்தன என்று இந்தச் சபைக்கு விளக்கத் தேவையில்லை. அக்கா படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

“இது அவையின்ரை சிங்கம். கையிலை வாளும் இல்லை. தையுங்கோ.”

தைத்தோம்.

அடுத்து வந்ததுதான் சமாராக் கொடி. ருஷ்ய நகரமான சமாராவில் கன்னியாஸ்திரிகள் தைத்து, பல்காரியத் தொண்டர் படைக்குக் கொடுத்தனுப்பிய கொடி. சிவப்பு, வெள்ளை, நீலம் என மூன்று பட்டைகள். நடுவிலே பொன்வேலை சூழ்ந்த கருஞ்சிலுவை. ஒரு முகத்தில் தேவமாதா. மறு முகத்தில், சிலாவிய மொழிகளுக்கு எழுத்துத் தந்த சகோதரர் இருவர். எழுத்துத் தந்தவர்களைப் போர்க்கொடியில் ஏற்றிய இனம் என்று கேட்டதும், “அப்ப எங்களுக்குச் சொந்தக்காரர்தான்” என்றார் அக்கா. ஸ்தாரா சகோராப் போரிலே கொடி தாங்கியவர் விழ அடுத்தவர் தாங்கினார்; அவர் விழ இன்னொருவர். கம்பமே முறிந்தது. கொடி பகைவர் கைக்குப் போகவில்லை. அந்தக் கதையைக் கேட்ட நாளிலிருந்து அக்கா அதன் பொன்வேலையை வேறெவரிடமும் விடவில்லை.

மே ஆறு, புனித ஜோர்ஜின் திருநாள். பல்காரியர்கள் படைக்கொடிகளுக்குத் தீர்த்தம் தெளிக்கும் நாள். அன்று கொடி போய்ச் சேரவேண்டும்.

இங்கே ஒரு பழைய வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். புதுச்சீலைக்கு நம்மவர் வைப்பதுபோல, தைத்து முடிந்த ஒவ்வொரு கொடியின் ஓரத்திலும் அக்கா ஒரு பொட்டு மஞ்சள் வைப்பார். வாடிக்கையாளர் ஒருவர் முகம் சுளிக்க, ‘இந்தக் கூடத்தில் இனி மஞ்சள் கூடாது’ என்று முதலாளி எழுதிச் சுவரில் ஒட்டினார். அக்கா மஞ்சள் சிமிழை மூடிச் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார்.

அந்த மே ஆறு காலை, எங்களில் ஒருத்தியான மயூரா கொடிக்குக் கடைசியாக ஸ்டீம் அயன் பிடித்தாள். கம்பம் நுழையும் மடிப்புக்குள்ளிருந்து மஞ்சள் கசிந்து வெண்பட்டில் பரவியது. யாரோ மடிப்புக்குள் ஒளித்துப் பொட்டு வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் தைத்துக்கொண்டிருந்த பிரியந்தன் பதறிப்போய்ச் சவர்க்காரத்தைப் போட்டுத் தேய்த்தான். மஞ்சள் இரத்தச் சிவப்பாய்ச் சிவந்தது.

“ஆரடா உன்னைச் சவர்க்காரம் போடச் சொன்னது?” என்றாள் மயூரா.

“அழுக்கெண்டால் அதுதானே போடுறது.”

“ஆலாத்தி எடுக்கிற வீட்டிலை பிறந்தனி. மஞ்சளுக்குச் சுண்ணாம்பு பட்டால் என்ன நிறம் எண்டு தெரியாதோ? சவர்க்காரமும் அதைத்தான் செய்யும்.”

சத்தம் கேட்டு முதலாளி ஓடிவந்தார். பட்டைத் தொட வெள்ளைக் கையுறை வேண்டும் என்பது கூடத்து விதி. பட்டையே தொடாத முதலாளி அன்று காலையிலேயே கையுறையோடு நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா அவரை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார்.

“நான்தான் வைச்சனான். பழக்கதோசம். நீங்கள் போய்க் கொடி கொண்டுபோற வானை ஆயத்தப்படுத்துங்கோ.”

எங்களுக்கு இடி விழுந்ததுபோல் இருந்தது. அக்காவின் கையால் கறையா? கொடி கெட்டால் அவருடைய பெயரும் அன்றோடு கெடும். அதைப்பற்றி யோசிக்க அவருக்கு நேரமில்லை. தேசிக்காயின் புளிப்புச் சாற்றைத் தண்ணீரில் கலந்து, பஞ்சால் ஒற்றி ஒற்றி, சிவப்பை மறுபடி மஞ்சளாக்கினார். மஞ்சளுக்கு மருந்து வெயில். ஈரச்சீலையை வெயிலில் பிடித்தால் மஞ்சள் வெளிறிவிடும்.

“வெயிலுக்கு எங்கை போறது அக்கா? டூட்டிங் தமிழ்க் கடையளிலையும் விக்கிறேல்லை,” என்றான் பிரியந்தன்.

“அது வராட்டில் நாங்கள் போவம். பிடி அந்த மூலையை.”

கூடத்தின் பின்னால் உள்ள கார்த் தரிப்பிடத்தில், சட்டத்தில் கட்டிய கொடியை ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொண்டு, முகில் விலகிய இடமெல்லாம் நடந்தோம். வெயில் குப்பைத் தொட்டியடிக்குப் போனால் நாங்களும் குப்பைத் தொட்டியடிக்கு. வெயில் மதிலோரம் போனால் நாங்களும் மதிலோரம். அக்கா நடுவில் நின்று ஈரத்தை ஒற்றிக்கொண்டே வந்தார். தேவமாதா முன்னே, நாங்கள் பின்னே. ஒருவருக்குக் கை சோர, அடுத்தவர் தாங்கினார்.

அந்த நேரம் பார்த்துச் சங்கத்துச் செயலாளர் ஸ்தொயான் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து இறங்கினார். தங்கள் இனத்தின் கொடியைத் தூக்கிக்கொண்டு கார்களுக்கிடையே வெயில் தேடும் கூட்டத்தைக் கண்டு அப்படியே நின்றார். கறை இன்னும் தெரிந்தது. அக்கா மறைக்கவில்லை. தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார்:

“பிழை எங்கட பக்கம். புதுச்சீலைக்கு நாங்கள் மஞ்சள் வைக்கிறது.”

“ஏன்?”

“போற இடத்திலை நல்லா இருக்கட்டும் எண்டு.”

ஸ்தொயான் மணிக்கூட்டைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பிறகு மேற்சட்டையைக் கழற்றிக் காரின்மேல் போட்டுவிட்டு, சோர்ந்துபோயிருந்த மயூராவின் பக்கத்தைத் தாங்கிக்கொண்டார். “வெயில் அந்தப் பக்கம் போகிறது,” என்றார். போனோம்.

மஞ்சள் வெளிறியது. கொடி நேரத்துக்குப் போனது. பாதிரியார் ஒரு கொத்துத் துளசி போன்ற செடியைத் தண்ணீரில் தோய்த்துக் கொடிமேல் தெளித்தபோது, பின்வரிசையில் நின்ற அக்கா தம்மையறியாமல் கைகூப்பினார். சிவப்பும் வெள்ளையும் நீலமும் கறையின்றி அசைந்தன. எங்கள் நெஞ்சு விம்மியதை அங்கே யாரும் காணவில்லை. இங்கே சொல்லிவிட்டோம்.

அன்று தொடக்கம் ‘அக்காவின் மஞ்சள்’ என்பது கூடத்தில் பகிடியாயிற்று. அக்காவும் சேர்ந்து சிரித்தார். மறுத்து ஒரு சொல் சொன்னதில்லை.

தாயே, தையற்கலைத் திலகமே! கண்ணொளி குன்றாமல், கைவிரல் நோகாமல், பேரப்பிள்ளைகளின் சட்டைக்குப் பொத்தான் தைப்பதைத் தவிர வேறு வேலையின்றி, நூறாண்டு நலமுடன் நீங்கள் வாழவேண்டும். போகும் இடமெல்லாம் வெயில் உங்களைத் தேடி வரட்டும்.

இனி ஒரேயொரு செய்தி. அன்று மாலை மயூரா குப்பைக் கூடையில் ஒரு சோடி வெள்ளைக் கையுறைகளைக் கண்டாள். ஒன்றின் சுட்டுவிரல், உட்புறத்தில், நல்ல மஞ்சள். அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். “எனக்குக் காலமையே தெரியும். எறிஞ்சதைத் திருப்பி எடுக்காதை, பிள்ளை,” என்றார் அக்கா. ஆனாலும் மயூரா எறியவில்லை. இந்த மடலின் சட்டத்துக்குள், கண்ணாடிக்குப் பின்னால், இடப்பக்க மூலையில் இருப்பது அந்தக் கையுறைதான்.

மஞ்சளைத் தடைசெய்த பிறகும், எங்கள் கூடத்தின் மிகப்பெரிய கொடி நல்லபடி போய்ச் சேரவேண்டுமே என்று மனம் கேளாமல், சாமிப்படத்துக்குப் பின்னால் சிமிழைத் தேடி எடுத்து, மடிப்புக்குள் ஒளித்துப் பொட்டு வைத்துவிட்டு, மஞ்சள் தெரியாமல் கையுறைக்குள் மறைந்துகொண்ட விரல் உங்களுடையது, முதலாளி.

வாசிப்பை நிறுத்தாதீர்கள். எங்கள் பெயர் இன்னும் இருக்கிறது.

என்றும் உங்கள் அன்பில்,
மயூரா, பிரியந்தன்,
நோர்பரிக் கொடித் தையற்கூடத்தின் ஊழியர் அனைவரும்